மழை வராது என்று சொல்லாதவர்

ஆங்கில இலக்கணத்தைப் பார்த்து நடுங்கியவர்கள் ஆயிரம் பேர் உண்டு. ஆங்கில இலக்கணத்தையே நடுங்க வைத்தவர், எனக்குத் தெரிந்து, மல்லி அண்ணாச்சி ஒருவர்தான்.

ரெட்டியபட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டில் கொத்தமல்லி போடுகிறவர். மழை இரண்டு வருடமாக ஏமாற்றியதில், அவர் மனைவி கறாராகச் சொல்லிவிட்டார்: இந்தத் தடவையும் பொய்த்தால் ஒன்று காட்டை விற்க வேண்டும், இல்லை சம்பளத்துக்குப் போக வேண்டும். அண்ணாச்சி மழையை நம்பிப் புழுதியிலேயே விதைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மில்லில் கேட் சூப்பர்வைசர் வேலைக்கும் எழுதிப் போட்டார். அதற்காகத்தான் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வந்தார். நான் பக்கத்து பெஞ்சு. என் மேனேஜர் திடீரென்று ஆங்கிலத்தில் திட்ட ஆரம்பித்திருந்தார். என்ன திட்டுகிறார் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

இறந்தகாலத்தில் அண்ணாச்சி புலி. நடந்து முடிந்ததைச் சொல்ல என்ன பயம்? "மை கோட் டைட்" என்று ஆடு செத்ததைக் கணீரென்று சொல்வார். நிகழ்காலத்தில்தான் எங்களுக்கு முதல் அதிர்ச்சி. "த பஸ் ஈஸ் கமிங்" சொல்லுங்கள் என்றார் மிஸ். இவர் எழுந்து போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"பஸ்ஸக் காணோமே தாயி. வராதத வருதுன்னு எப்புடிச் சொல்றது?"

சத்தியமாகச் சொல்கிறேன், பஸ் வரும்வரை வகுப்பு காத்திருந்தது.

பிறகு எதிர்காலம் வந்தது. மிஸ் பலகையில் "இட் வில் நாட் ரெயின்" என்று எழுதி, எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள் என்றார். அண்ணாச்சி பாய்ந்து போய்த் தோள் துண்டால் பலகையை அழித்தார். மிஸ் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது.

"வாய வச்சிராதீக தாயி! மண்ணுக்குள்ள வெத கெடக்கு."

"அண்ணே, இது வெறும் எக்ஸர்சைஸ்" என்றார் மிஸ்.

"இம்புட்டுப் பேரு சேந்து சொன்னா, மேலருந்து கேக்குற மானம் எக்ஸர்சைஸுன்னா நெனைக்கும்?"

மிஸ் வேறு சாக்பீஸ் எடுத்து, "நாட்" இல்லாமல் எழுதினார். அன்றிலிருந்து அந்த வகுப்பில் மழை பெய்துகொண்டேதான் இருந்தது.

நேர்முகத் தேர்வுக்கு நானும் துணைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அதிகாரி ஜன்னலைக் காட்டி, இன்றைக்கு மழை பெய்யுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. "இட் வில் ரெயின்" என்றார் அண்ணாச்சி. அதிகாரி சிரித்துவிட்டு, வானத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்லுங்கள், வேலை உங்களுக்குத்தான் என்றார். அண்ணாச்சிக்கு விடை தெரியும். எழுந்துவிட்டார்.

"அது ஒண்ணு மட்டும் என் வாயில வராது சார். போயிட்டு வாரேன்."

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன அண்ணாச்சி, சும்மா ஒரு வார்த்த! சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"சும்மா சொல்றதுதான் தம்பி பலிக்கும்."

அன்று பெய்யவில்லை. மறுநாளும் இல்லை. கிடைத்த வேலையையும் கெடுத்துக்கொண்டாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஐப்பசி முடிகிற நேரத்தில் ஒரு காலை போன் செய்தார்.

"இட் ரெயின்ட், தம்பி! பாதிக் காடு மொளச்சிருச்சு. பாதி போச்சு, போகட்டும். காட்ட விக்கல."

இப்போதும் ஐப்பசி பிறந்தால், மழை இல்லை என்று செல்போன் காட்டும். துணி காயப்போட வேண்டும், மழை வருமா வராதா என்று மனைவி கேட்பாள். நான் வாயே திறப்பதில்லை. அண்ணாச்சி விதைத்திருப்பார்.