முன்பாரம் கூடிய சீர்

மத்திகிரி,
புரட்டாசி மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை.

சந்தாபுரம் மாப்பிள்ளை சௌந்தரராஜன் அவர்களுக்கு, உங்கள் தங்கை சுகுணாவின் மாமனார் திம்மப்பன் சொல்ல, எதிர் போர்ஷனில் குடியிருக்கும் சுப்ரியா எழுதுவது. நீங்களும் உங்கள் வீட்டாரும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று முனீஸ்வரனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதச் சொன்னேன். சுப்ரியா பேனாவை நிறுத்திவிட்டு என் இடது தோளைப் பார்த்தாள். சரி, இடது தோளைத் தவிர எல்லாம் சுகம் என்று போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்குக் காது மந்தம். நான் போனில் பேசினால் இந்த வரிசையில் ஆறு போர்ஷனுக்கும் கேட்கும், பின்னால் கட்டியிருக்கிற மாட்டுக்கும் கேட்கும். இது ஆறு போர்ஷனுக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. சுப்ரியாவுக்கு மட்டும் தெரிந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தன் மாமியார்மேல் சத்தியம் செய்திருக்கிறாள், அது எத்தனை நாள் தாங்குமோ தெரியாது. எனக்குப் படிப்பு கிடையாது, ஆனால் நடந்தது ஒன்றும் மறக்காது. இது வரம் என்று சொல்கிறார்கள். இந்த வயசில் இது பெரிய தொந்தரவு.

விஷயம், நீங்கள் வைத்த சீர்.

பேத்தி சுசித்ரா பெரிய மனுஷியானது கொரோனா வருஷம் சித்திரை ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. தாய்மாமன் வந்து பச்சை ஓலை கட்ட வேண்டும், நீங்களோ அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், மாநில எல்லையை அடைத்துவிட்டார்கள். செல்போனில் முகம் காட்டினீர்கள். சுகுணா பிள்ளையை மனையில் உட்காரவைத்து செல்போனை எதிரே நிறுத்தினாள். நீங்கள் அங்கிருந்து போட்ட அட்சதை உங்கள் செல்போன்மேலேயே விழுந்து எங்களுக்குப் படம் மறைந்துபோனது. அந்த அரிசிக்குள்ளிருந்து நீங்கள் சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே இருக்கிறது: “கண்ணு, மாமன் சீரை மறக்கல, தள்ளி வெச்சிருக்கேன். நீ என்னா கேக்கறியோ அது.” ஐந்து வருஷம் கழித்து அவள் கேட்டாள். பட்டு கேட்கவில்லை, வளையல் கேட்கவில்லை, பேஸ் கிட்டார் கேட்டாள். கம்பெனியில் செல்போன் பாகம் மாட்டுகிற லைனில் எட்டு மணி நேரம் நிற்கிற பிள்ளை, கம்பெனிப் பாட்டுக் குழுவில் அதை வாசிக்கப் பழகியிருக்கிறாள். அது மற்ற கிட்டார் மாதிரி கிணுகிணுக்காது. நான்கே கம்பி, ஒவ்வொன்றும் சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி, தட்டினால் தும் என்று அடிவயிற்றில் விழும். நான் முழுசாகக் கேட்கிற ஒரே வாத்தியம் அதுதான், ஆகவே அந்த ஜாதியின்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

ஆவணி மூன்றாம் ஞாயிறு நீங்கள் சீர் கொண்டுவந்தீர்கள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து பதினேழு தட்டு ஊர்வலமாக வந்தது. பழம், பூ, வளையல், மைசூர்பாகு எல்லாம் தட்டில் உட்கார்ந்தன. கிட்டார் மட்டும் எந்தத் தட்டிலும் உட்காரவில்லை. அதற்கு உடம்பு என்று ஒன்று இல்லை. இரண்டு கொம்பு, அவை சேருகிற இடத்திலிருந்து ஒரு நீளக் கழுத்து, அவ்வளவுதான், யானை பிடித்து அடிக்கிற உண்டிவில் மாதிரி. மூன்று பெண்கள் மூன்று தட்டைச் சேர்த்துப் பிடித்து அதைக் குறுக்கே படுக்கவைத்து வந்தார்கள். பின்னால் கொம்புக்கு ஒருத்தியாக வந்த இரண்டு பேரும் கனமே இல்லை என்று கதை பேசிக்கொண்டு நடந்தார்கள், முன்னால் கழுத்துக்கு வாய்த்தவள் மட்டும் குனிந்துகொண்டே போனாள், பால் பூத் தாண்டுவதற்குள் அவள் மூக்கு தட்டைத் தொட்டுவிட்டது. நான் பண்ணையில் முப்பத்தொரு வருஷம் தீவன வண்டி ஓட்டியவன். சுமை முன்னால் கூடினால் மாட்டின் கழுத்தில் உட்காரும், பின்னால் கூடினால் நுகத்தடி எழும்பித் தொண்டையைப் பிடிக்கும். அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்ததுமே சொல்லிக்கொண்டேன், முன்பாரம் என்று. சொன்னது மனசுக்குள்தான். சீர் வருகிற நேரத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா.

வீட்டுக்கு வந்ததும் மற்ற சீருக்கு வைத்த மாதிரி அதற்கும் மஞ்சள், சந்தனம், குங்குமம் வைத்தார்கள். தட்டு எடுத்து வந்த எல்லாரும் ஆளுக்கு ஒரு பொட்டு. இடம் போதாமல் கம்பிக்கு அடியில் சத்தம் பிடிக்கிற கறுப்புக் கட்டையிலும் திருகுகிற குமிழிலும் வைத்தார்கள், சுகுணா மூன்று சுற்று ஆரத்தி எடுத்து ஒரு சொட்டை அதன் நெற்றியிலும் இட்டாள். நீங்கள் பஸ் ஏறின பிறகு ஸ்பீக்கர் பெட்டியில் சொருகிப் பார்த்தால் தும் வரவில்லை, மழை நாளில் ரேடியோ மாதிரி கரகரத்தது. சுசித்ரா இரண்டு நாள் உட்கார்ந்து பல் பிரஷ்ஷால் சுரண்டிச் சரிசெய்தாள். அது மூர்த்தியின் பிரஷ். என் மகனுக்கு இன்னும் தெரியாது.

பத்தாம் நாள்தான் கவனித்தேன், அவள் இடது மணிக்கட்டில் தைலம் மணக்கிறது. “என்னா ஆச்சு?” என்றேன். “லைன்ல ஸ்குரூ முடுக்கினது தாத்தா” என்றாள். ஸ்குரூ முடுக்குகிற கை அவளுக்கு வலது கை. அன்றைக்கு அவள் வாசிக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்த்தேன். தோளில் மாட்டிக்கொண்டு நின்றால் கொம்பு மேலே போகிறது, கழுத்து தரையைப் பார்த்து இறங்குகிறது. கம்பியை அழுத்த வேண்டிய இடது கை கழுத்தையும் சேர்த்துத் தாங்குகிறது. ஆயுத பூஜைக்கு கம்பெனி விழாவில் ஒன்பது பாட்டு, ஒன்றரை மணி நேரம், நின்றபடி. இந்தக் கையோடு ஐந்தாவது பாட்டைத் தாண்ட மாட்டாள், நடுவில் இறக்கிவைத்தால் குழுவில் அவள் இடம் போனதுதான். முன்பு அந்த இடத்தில் வாசித்த நவீன்குமார் நம் வரிசையிலேயே கடைசி போர்ஷன். நல்ல பையன். தினமும் “கை எப்படிக் கீது?” என்று அக்கறையாகக் கேட்கிறான். அந்த அக்கறைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கொடுத்தவரிடம் குறை சொல்வதற்கு முன் நாமே சுமந்து பார்ப்பது நியாயம் என்று, அவள் ஷிப்டுக்குப் போன நேரமாகப் பார்த்து நான்கு நாள் அதை நான் மாட்டிக்கொண்டேன். முதல் நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தேன். மற்ற கிட்டாருக்குத் தொடையில் உட்கார இடுப்பு மாதிரி ஒரு வளைவு இருக்கும். இதற்கு வெறும் சரிவு. கன்றுக்குட்டி மாதிரி நழுவி இறங்கியது, இழுத்துப் பிடித்தேன், மேல்கொம்பு விலாவில் குத்தியது. சத்தம் கேட்டு நவீன்குமார் எட்டிப் பார்த்து, “தாத்தா, ரெண்டு கொம்புக்கும் நடுவுல ஒரு தொடையை விடுங்க. இதை அப்படித்தான் மடியில வெக்கணும்” என்றான். விட்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், மாப்பிள்ளை, அப்படி வைத்ததும் அது ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த மட்டில் அதைவிட வசதியான பொருள் கிடையாது. எழுந்திருக்கும்போதுதான் ஒரு கொம்பு வேட்டிக்குள் போயிருந்தது தெரிந்தது. சுகுணா உள்ளே இருந்து, “மாமா, கதவையாவது சாத்திக்கோங்க. அண்ணன் ஆசையா வாங்கியாந்ததை வெச்சு என் மானத்தை வாங்காதீங்க” என்றாள்.

இரண்டாம் நாள் நின்று பார்த்தேன். நைலான் பட்டை தோளில் வழுக்குகிறது, அது வழுக்க வழுக்கக் கழுத்து இறங்குகிறது. பட்டையின் அடியில் சாக்குத் துணி வைத்துத் தைத்தேன். பட்டை நின்றது, தோளில் இருந்த தோல் நிற்கவில்லை. மூன்றாம் நாள், முன்பாரத்துக்குப் பின்பாரம்தான் மருந்து என்று, மளிகைக் கடை ஆஞ்சப்பனிடம் ஒரு கிலோ எடைக்கல்லை வாங்கிவந்து இரண்டு கொம்பையும் சேர்த்துக் கயிறு கட்டி நடுவில் தொங்கவிட்டேன். இரண்டு கையையும் எடுத்தேன். மட்டமாக நின்றது. கழுத்து கிழக்கே பார்த்து, தண்ணி வைத்துப் பார்த்தால் சிந்தாத மாதிரி நின்றது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நான்கரை கிலோ கிட்டார், ஒரு கிலோ கல், ஐந்தரை கிலோ ஒற்றைத் தோளில் என்கிற கணக்கு அடுத்த நிமிஷம்தான் வந்தது. நம் பிள்ளையே நாற்பத்து மூன்று கிலோ. அதோடு கம்பியைத் தட்டினால் கல் போய்க் கொம்பில் இடித்து, தும் ஒன்று, டங் ஒன்று என்று வருகிறது. அதற்குள் கரண்டு போய் ஆஞ்சப்பனின் மின்தராசு நின்றுவிட்டது, பழைய தராசுக்குக் கல் தேடிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டான். “பெரியவரே, வெங்காயத்துக்கு ஆளு நிக்குது, கல்லைக் குடுங்க. பாட்டுக்கெல்லாமா எடை போடுவீங்க?” என்றான். நான்காம் நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. படுத்திருந்தேன்.

மூர்த்தியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “நைனா, உனக்குக் கும்பிடு போடறேன், வாயைத் தொறக்காத. சீரை மாத்தித் தரச் சொன்னா சௌந்தரு மச்சான் இந்த வாசலை மிதிக்க மாட்டாரு. கிரைண்டர் ஞாபகம் இருக்குதா இல்லையா?” என்றான். எனக்கா ஞாபகம் இருக்காது. இரண்டாயிரத்து ஒன்பது பொங்கலுக்கு நீங்கள் கொண்டுவந்த கிரைண்டர். “ஆடுது மச்சான்” என்று அவன் சொன்னது இரண்டே வார்த்தை. நீங்கள் பதினான்கு மாதம் வரவில்லை. ஆடினது கிரைண்டர் இல்லை, எங்கள் தரை என்பது பிறகுதான் தெரிந்தது, ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தோம், அது இன்றைக்கும் ஓடுகிறது. இப்போது ஆடுவது தரை இல்லை, மாப்பிள்ளை. தரையைச் சோதித்துவிட்டேன்.

சுசித்ராவும் உங்கள் மனசு நோகும் என்றுதான் வாயைத் திறக்காமல் தைலம் தேய்க்கிறாள். உங்கள்மேல் தப்பு இல்லை, பார்க்க எடுப்பாக இருந்தது, வாங்கிவிட்டீர்கள். சுமந்து பார்க்காதவர்களுக்கு அது தெரியாது. பெட்டிக்குள் இருந்த சீட்டில், வாங்கினவர் முப்பது நாளைக்குள் நேரில் வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று இருப்பதாக சுப்ரியா படித்துச் சொன்னாள். நீங்கள் வாங்கி இன்றோடு இருபத்திரண்டு நாள். தபாலில் போட்டால் நாளாகும் என்று இதைச் சந்தாபுரம் போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். ஆகவே நாளன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்த மாதிரி வாருங்கள். காபி குடியுங்கள். குடித்துவிட்டு, “இதைவிட நல்லதா ஒன்னு கடையில வந்திருக்குது, குடுங்க, மாத்தியாந்து தர்றேன்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். நான், “என்னாத்துக்கு மாப்பிள்ளை, இதுவே ராஜா மாதிரி இருக்குதே” என்று மறுப்பேன். இரண்டு தடவை மறுப்பேன். நீங்கள் மனம் தளராமல் மூன்றாவது தடவையும் கேட்க வேண்டும், அப்போது விட்டுவிடுவேன். சீர் திரும்பிப் போனதாகவும் ஆகாது, மாமனே ஒரு படி மேலே செய்ததாக இருக்கும். இடுப்பு வளைந்தது, சாதாரணமானது ஒன்று போதும். அழகு வேண்டாம்.

எழுதின சுப்ரியாவுக்குக் கை வலி, சொன்ன எனக்குத் தொண்டை வலி. இடையில் ஒரு தடவை, “தாத்தா, எங்கயாச்சும் புள்ளி வெக்கட்டுமா?” என்று கேட்டாள். எனக்கு மூச்சு வாங்குகிற இடத்தில் வைத்துக்கொள் என்றேன். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல், பிள்ளைகள் படிப்பு தடைப்படாமல், நீங்கள் போகிற வண்டி நல்லபடி வீடு திரும்ப இந்தக் கிழவனின் ஆசி.

இப்படிக்கு,
திம்மப்பன் (கைநாட்டு)

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் சுசித்ரா முதல் ஷிப்ட் முடிந்து வந்துவிட்டாள். “என்னாக்கா அது?” என்று ஒரே வார்த்தை கேட்டாள், சுப்ரியா முழுக் கடிதத்தையும் எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி படித்தாள். படித்துவிட்டு, “தாத்தா, மாமா பாவம். இதைத்தான் வேணும்னு அடம்பிடிச்சதே நானு” என்றாள்.

நீங்கள் கடையிலிருந்து நான்கு படம் அனுப்பினீர்களாமே. இதைத் தோளில் மாட்டி நின்று பார்த்து, “கண்ணு, கழுத்து கீழ போகுது, கை வலிக்கும், அந்த வளைஞ்சதை எடுத்துக்கலாம்” என்று மூன்று தடவை சொன்னீர்களாமே. நான் நான்கு நாள் தோலை உரித்துக் கண்டுபிடித்ததை நீங்கள் கடையில் நின்ற நிலையில் கண்டுபிடித்திருக்கிறீர்கள், மாப்பிள்ளை. வலி என்று சொன்னால் மாமா அன்றைக்கே சொன்னாரே என்று எல்லாரும் கேட்பார்கள் என்றுதான் அவள் மூச்சு விடவில்லையாம்.

“அப்புறம் என்னாத்துக்கு இதையே கேட்ட?” என்றேன்.

“போன வருஷ விழாவுல நவீன் அண்ணன் கிட்டாரை வாங்கி ரெண்டு பாட்டு வாசிச்சேன்ல? எங்க நிக்க வெச்சாங்க தெரியுமா? ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால. அம்மா கடைசி வரைக்கும் உக்காந்து பாத்துட்டு, நீ எப்ப மேடைக்கு வருவேன்னு என்னையே கேட்டாங்க. இதை மாட்டிக்கிட்டா பின்னால நிறுத்த முடியாது தாத்தா. ரெண்டு ஆளு எடம் வேணும். முன்னாலதான் விட்டாகணும்.”

“கை?”

“பழகுது. நேத்து ஏழு பாட்டு தாங்குச்சு. எட்டாவதுலதான் எறக்கினேன். இன்னும் பன்னெண்டு நாளு கீதில்ல?”

ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியதில் நலம் விசாரித்ததையும் ஆசியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். வேறு தாளில் எழுத சுப்ரியா மாட்டேன் என்கிறாள், அதனால் இதையே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், விழாவுக்கு வாருங்கள். அவளை வாசலில் நிறுத்தி, மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுத் திரும்பச் சொல்லி, கயிறு பிடித்து அளந்துவிட்டேன். கொம்பும் கழுத்தும் யார்மேலும் படாமல் இருக்க முன்னால் ஆறு அடி வேண்டும். ஐந்தே முக்கால் போதும் என்று அவள் சொல்கிறாள், போதாது. கம்பெனிக்கு அதை விவரமாக எழுதியாக வேண்டும். சுப்ரியா எழுந்து தன் போர்ஷனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசி நான்கு வரி சுசித்ரா எழுதியது.