பாவமற்ற முகம்

பாஸ்போர்ட் அலுவலகத்தின் பதினான்காம் விதியைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ‘விண்ணப்பதாரரின் புகைப்படத்தில் முகம் பாவமற்று இருத்தல் வேண்டும்.’ சிரிப்பு, அழுகை, கோபம் எதுவும் கூடாது. எல்லை தாண்டும்போது யாரும் உணர்ச்சிகளைக் கடத்திக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா?

இந்த விதியில்தான் டைப் டீச்சர் மாட்டிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் தட்டச்சுப் பள்ளி நடத்தி, விசையைப் பார்த்து அடித்தவர்களை எல்லாம் முறைத்தே திருத்தியவர். பள்ளியை மூடி மூன்று வருஷமாகியும் புருவங்களுக்கு நடுவே இருந்த இரண்டு கோடுகள் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவர் தூங்கும்போதுகூட அவை யாரையோ கண்டித்துக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டில் மகளுக்குத் தலைப்பிரசவம். இன்னும் ஐந்து வாரம். “நீ வராம நான் ஆஸ்பத்திரிக்குள்ள காலே வைக்க மாட்டேம்மா” என்று தினமும் போனில் அடம்.

இரண்டாம் ஜன்னல் அதிகாரி படத்தைப் பார்த்தார். “அம்மா, உங்க முகத்துல பாவம் இருக்கு.”

“நான் யாருக்கு என்ன பாவம் பண்ணேன்?”

“அந்தப் பாவம் எங்க இலாகா இல்லை. இது முகபாவம். கோபம் தெரியுது.”

“எனக்குக் கோபமே இல்லையே.”

“இப்ப?”

“இப்பதான் வருது.”

“பாத்தீங்களா?” என்று மூன்றாவது படத்தையும் திருப்பித் தந்தார். அவர் முகம் அப்போதுதான் பூசிய சுவர் மாதிரி வழுவழுவென்று இருந்தது. “எதிர்ல ஒரு கிளினிக் இருக்கு. நாங்க எல்லாருமே அங்கதான்.”

கிளினிக்கில் டாக்டரம்மா கையில் கண்ணாடியோடு விளக்கினார். “ரெண்டு வகை ஊசி இருக்கு. ஒண்ணு, முறைக்கிற தசையைத் தூங்க வைக்கும். இன்னொண்ணு, பள்ளத்தை நிரப்பும்.”

கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் டீச்சரின் கணவர் தலையை நீட்டினார். “அதாவது போக்குவரத்தை நிறுத்தறதா, ரோடு போடறதான்னு கேக்கறீங்க.”

“நீங்க சும்மா இருங்க,” என்றார் டீச்சர். “டாக்டர், எதைப் போட்டா குழந்தையைப் பாத்துச் சிரிக்க முடியும்?”

“ரெண்டுலயும் வாய் சிரிக்கும். முதல் வகையில நெத்தி மட்டும் கலந்துக்காது.”

முடிவு செய்யும் பொறுப்பை அலுவலகமே ஏற்றுக்கொண்டது. பள்ளத்தை நிரப்பினால் முகத்தின் நிலப்பரப்பு மாறியதாகக் கருதப்படும். அதற்கு ‘முக மாற்றச் சான்றிதழ்’ வேண்டும். ஆறு மாதமாகும். தசை தூங்குவதற்குச் சான்றிதழ் தேவையில்லை. அலுவலகத்தில் தூக்கத்துக்கு என்றைக்குமே தடை இருந்ததில்லை.

ஊசி போட்டுப் பத்து நாளில் டீச்சரின் நெற்றி துடைத்த கரும்பலகை ஆயிற்று. இரண்டாம் ஜன்னல் அதிகாரி புதுப் படத்தைப் பார்த்து, “அடடா! பாவமே இல்லை!” என்று பரவசப்பட்டார். பரவசம் குரலில் மட்டும்தான்.

அடுத்தது ஐந்தாம் ஜன்னல். அங்கே ஒரு இயந்திரம். வந்திருப்பது ஆளா, வெறும் படமா என்று சோதிப்பது அதன் பணி.

“புருவத்தை உயர்த்தவும்,” என்றது.

டீச்சர் முயன்றார். காதுதான் அசைந்தது.

“முறைக்கவும்.”

முப்பத்தைந்து வருஷ அனுபவம் கைவிட்டது.

“படத்தைக் காட்டி ஏமாற்ற வேண்டாம். உயிருள்ள நபரை அழைத்து வரவும்.”

“ஏங்க, நான் இருக்கேனா இல்லையா?” என்று டீச்சர் கணவரைப் பார்த்தார். குரல் நடுங்கியது, முகம் நிம்மதியாக இருந்தது.

“ஊசி எப்ப தெளியும் சார்?” என்று இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் கணவர் கேட்டார்.

“மூணு நாலு மாசம். ஆனா தெளிஞ்சா ரெண்டாம் ஜன்னல்ல படம் ஒத்துக்க மாட்டாங்க.”

“குழந்தை அதுவரைக்கும் காத்திருக்காதே!”

“அதுக்கு விண்ணப்பம் கொடுத்துப் பாத்தீங்களா?”

கணவரின் புருவங்கள் உச்சந்தலைக்கு ஏறின. டீச்சரின் தோளுக்கு மேல் அதைப் பார்த்த இயந்திரம், “உயிருள்ள நபர். நன்றி,” என்று பச்சை விளக்கைப் போட்டது.

சட்டச் சிக்கல் எழுந்தது. ஒரு நாள் முழுவதும் கோப்புகள் மாடி ஏறி இறங்கின. கடைசியில் ஆணை வந்தது: ‘முகம்: மனைவி. முகபாவம்: கணவர் (இணைப்பு 1). இணைப்பின்றி மூலப்பிரதி செல்லாது.’ விமானத்தைப் படத்தில் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் அந்த மனிதர், மனைவிக்கு இணைப்பாகப் பறந்தார். ஒவ்வொரு சோதனையிலும் டீச்சர் நிற்க, பின்னால் இவர் முறைத்தார்.

பிரசவத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். கதவைத் திறந்த மகள், “அம்மா!” என்று கதறிக் கட்டிக்கொண்டாள். அவள் நெற்றியிலும் ஒரு சுருக்கம் இல்லை. “ஆபீஸ்ல எல்லாரும் போட்டுக்கிட்டாங்கம்மா,” என்றாள். இரண்டு வழுவழு நெற்றிகளும் ஒன்றையொன்று பார்த்து அழுதன. யார் சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று சொல்ல வீட்டில் கணவரின் புருவம் ஒன்றுதான் மிச்சம்.

பெண் குழந்தை. பிறந்தவுடன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடு போட்டு முறைத்தது.

“என் கோடு!” என்றார் டீச்சர். ஊசி போட்ட நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது.

அவர்கள் திரும்பும்போது மகளும் குழந்தையும் கூடவே ஊருக்கு வருவதாக ஏற்பாடு. குழந்தைக்கும் பாஸ்போர்ட் கேட்டு அதே அலுவலகத்துக்குப் படம் அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. மூலையில் சிவப்பு மையில் ஒரு சொல்.

“என்னப்பா எழுதியிருக்கு?” என்றாள் மகள்.

கணவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “பாவம்னு எழுதியிருக்கு.”

“யாரு?”

“அதை எழுதலை.”