இருளப்பசாமி காட்டு அந்து

மனிதகுலம் பூமிக்கு என்ன நன்மை செய்தது என்று யாராவது கேட்டால், திருச்சுழிப் பக்கத்து இருளப்பசாமி கோயில்காட்டைக் காட்டிவிடலாம். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய ஓர் அந்துப்பூச்சிக்காக அங்கே ஓர் இயக்கம், ஒரு குழு, அதற்குத் துணைக்குழு, ஒரு ஜீப் எல்லாம் பாடுபட்டன.

பூச்சி சருகு நிறம். உசிலை இலையில் முட்டையாகத் தொடங்கும். புழுவாகி இலையைத் தின்னும். பிறகு தரைக்கு இறங்கி, சருகுக்குள் கூடு கட்டிக் கோடை முழுவதும் உறங்கும். ஐப்பசி மழையில் இறகோடு வெளியே வரும்போது அதற்கு வாய் இருக்காது. எதுவும் சாப்பிடாமல் சில இரவுகள் பறந்து, முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். மானியம் கேட்காத, மனு கொடுக்காத இந்த ஜீவனை 'முன்மாதிரிப் பயனாளி' என்று இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் ஜெகதீஸ்வரன் பாராட்டியது முற்றிலும் நியாயம்.

வார்டு உறுப்பினர் முருகேஸ்வரி அப்படி முன்மாதிரியாக நடந்துகொள்ளவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து ஊருக்கு வரும் பாதை அந்தக் காட்டை ஒட்டிப் போகிறது. அருப்புக்கோட்டை மில்லில் வேலை முடித்து, இருட்டியபின் வந்து இறங்கும் பெண்களில் அவர் மகள் சத்யபிரியாவும் ஒருத்தி. பாதையில் விரியன் நடமாட்டம். ஒரே ஒரு தெருவிளக்கு போடுங்கள் என்று அவர் கேட்காத கூட்டமில்லை.

இந்த நிலையில்தான், பார்வையாளர்களுக்குப் பூச்சி தெளிவாகத் தெரியும்படி காட்டுக்குள் உயர்கம்ப விளக்கு அமைக்கப்படும் என்று இயக்கம் அறிவித்தது. ஒரே ஓர் இடைஞ்சல். இருளப்பசாமி இருட்டில் இருக்கிற சாமி. காட்டுக்குள் தீக்குச்சி உரசக் கூடாது, விழுந்த சருகைக் கூட்டக் கூடாது என்பது ஊர்க் கட்டு. பூசாரி உக்கிரபாண்டியிடம் முருகேஸ்வரியே தூது போனார்.

"ஏத்தா, சாமி கோவிச்சுக்கிரும்."

"சாமிக்குக் கண்ணு கூசுனா நான் பொறுப்புண்ணே. உள்ள எரியிற லைட்டு பாதையிலயும் கொஞ்சம் விழும்ல?"

"விழும்ங்கிற?"

"விழாம எங்க போயிரும்? நம்ம பிள்ளைக காலைப் பாத்து நடக்கும்ல."

பிள்ளைகளுக்காகச் சாமி விட்டுக்கொடுத்தது.

விளக்குத் திறப்பு விழாவுக்கு முன் 'தூய்மைப் பணி' சிறப்பாக நடந்தது. சருகு முழுவதும் கூட்டி அள்ளி எரிக்கப்பட்டது. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த பயனாளிகள் பணிக்கு எந்த இடையூறும் செய்யவில்லை. கம்பம் நட்டார்கள். கடைசியாக, பாதைப் பக்கம் ஒரு தகர மறைப்பு மாட்டினார்கள்.

"ஐயா, அந்தத் தகரம் எதுக்கு?" என்று ஜெகதீஸ்வரனிடம் கேட்டார் முருகேஸ்வரி.

"வெளிச்சம் வெளியே போய் வீணாகக் கூடாதும்மா. இது பூச்சிக்கு ஒதுக்கினது."

"பாதிய மட்டுமாச்சும் மடக்கி விடுங்கய்யா."

"பாதித் தகரம் திட்டத்திலயே இல்லையே."

முதல் மழையில், எரியாமல் தப்பிய பூச்சிகள் வெளியே வந்தன. முட்டையிட இலை தேடாமல் விளக்கையே சுற்றிச் சுற்றி வந்து விழுந்தன. விடிந்ததும் எறும்புகள் இழுத்துப்போயின. 'வரலாறு காணாத வருகை' என்று அறிக்கை அனுப்பப்பட்டது. அடுத்த ஐப்பசியில் ஒரு பூச்சிகூட வரவில்லை. இயக்கத்துக்கு இன்னொரு ஜீப் வந்தது.

அந்தக் கார்த்திகையில் சத்யபிரியா பாதையில் விரியனை மிதித்துவிட்டாள். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து மகளை வீட்டில் கொண்டுவந்து சேர்த்ததும், முருகேஸ்வரி நேரே இயக்க அலுவலகத்துக்குப் போனார்.

"ஐயா, பூச்சிதான் ஒன்னுகூட இல்லையே. அந்த லைட்டைப் பிடுங்கிப் பாதையில நட்டுக் குடுங்க."

"இல்லாததாலதாம்மா அதுக்கு முதல் முன்னுரிமை," என்றார் ஜெகதீஸ்வரன் பொறுமையாக. "உயிரோட இருந்தவரைக்கும் அதைப் பட்டியல்ல 'சாதாரணம்'னுதான் வச்சிருந்தோம். உங்க பாதையில யாரையோ பாம்பு கடிச்சிருச்சாமே?"

"எம் மகளைத்தான்யா."

ஜெகதீஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவசரமாகப் பேனா மூடியைத் திறந்தார்.

"தவறிட்டாங்களா?"

"இல்லய்யா. பொழச்சுக்கிட்டா."

அவர் மூடியைத் திரும்ப மாட்டினார். "அப்ப கொஞ்சம் காத்திருங்கம்மா," என்றார், உண்மையான வருத்தத்துடன்.