குவைத்துக்குப் போன குத்துப்பாட்டு

“ஏட்டி, ஏசுஅடிமை சாருக்க அடக்க வீடியோவ அனுப்பினியா?”

நெய்யூர் கல்யாண வீட்டில் வீடியோ எடுக்கப் போயிருந்த ஞானசிங், மேளச் சத்தத்துக்கு மேலே பெண்டாட்டியிடம் போனில் கத்தினான்.

“ஃபைனல்னு பேரு போட்டிருந்ததுதான? அப்பவே அனுப்பியாச்சு,” என்றாள் விக்டோரியா.

“நம்ம ஊரு நேரம் ரெண்டு மணிக்கு சாருக்க மகன் பெனின் குவைத்துல ஆளுகளக் கூட்டி ஜெபம் வச்சிருக்கான். லீவு கெடைக்காம அப்பன் முகத்தப் பாக்காத பய. எதாவது கோளாறு வந்துதுன்னா, ஊருல ஒருத்தன் நம்ம ஸ்டுடியோ படி ஏறமாட்டான்.”

போனை வைத்தவள், காலையில் தான் செய்த முதல் சாதனையைப் பார்க்க உட்கார்ந்தாள். நாற்பத்தேழு வயதில் அவளுக்கு ஒரு நடிகர் மேல் பைத்தியம். நாளை அவருக்குப் பிறந்தநாள். ரசிகைகள் குழுவில் ஆளாளுக்கு வீடியோ வெட்டி ஒட்டிப் போடும்போது இவள் மட்டும் சும்மா இருப்பாளா? யூடியூப் வாத்தியார் சொன்னபடியே பழைய சத்தத்தை அழித்து, குத்துப்பாட்டை இழுத்துப் போட்டு, தாளத்துக்குத் தக்கபடி தானாக வெட்டும் பொத்தானையும் அமுக்கிவிட்டுத்தான் சோறு வடிக்கப் போயிருந்தாள்.

திரையில் நடிகரைக் காணோம். ஏசுஅடிமை சாரின் சவப்பெட்டி தாளம் தவறாமல் குதித்தது. போதகர் மூன்று தடவை முன்னும் பின்னும் போய் வந்தார்.

“எனக்க ஏசுவே!”

புருஷன் திறந்து வைத்திருந்த வேலையிலேயே கைவரிசையைக் காட்டியிருக்கிறாள்; அது ‘ஃபைனல்’ மேலேயே பதிவாகியும் விட்டது. குவைத்துக்குப் போனதும் இதுதான்!

மணி ஒன்றரை. நல்லவேளை, பெனின் இன்னும் பார்க்கவில்லை. அனுப்பியதை அழித்தாள். பாட்டை எடுத்தாள், வெட்டியதையெல்லாம் சேர்த்தாள், மறுபடி அனுப்பினாள்.

ஐந்தாவது நிமிடம் பெனின் கூப்பிட்டான்.

“அக்கா, சத்தமே இல்லியே! எல்லாரும் வாயத் தொறந்து தொறந்து மூடுகாவ. இங்க இருவது பேரு வந்தாச்சு.”

“நெட்டுக்க கோளாறா இருக்கும் மக்கா. இப்பம் சரியாயிரும்.”

அழித்த சத்தம் எங்கே வரும்? அது இருந்த மெமரி கார்டு ஞானசிங்கோடு நெய்யூருக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டரில் போன மாதத்துச் சாவு வீடு ஒன்று கிடந்தது. அதிலிருந்த ஜெபம், பாட்டு, ஒரு பெண்ணின் அழுகை எல்லாவற்றையும் அள்ளி இதில் கொட்டினாள். சாவு வீடென்றால் எங்கேயும் ஒரே அழுகைதானே! இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள்.

மூன்று மணிக்குப் பெனின் விம்மிக்கொண்டே பேசினான். “நேருல நின்ன மாதிரி இருந்துது அக்கா. அம்மைக்கும் அனுப்பியிருக்கேன்.”

அப்பாடா! விக்டோரியா அப்போதுதான் சோற்றில் கை வைத்தாள். ஒரு வாய் இறங்குவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாரின் மனைவி கிளாரா, கையில் போனோடு இறங்கினாள்.

“என்னக்கா, வீடியோவுல கொறை எதாவது உண்டா?” விக்டோரியா சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடினாள்.

“கொறை ஒண்ணுமில்ல. அன்னைக்கு எனக்குத் தொண்டை அடைச்சு ஒரு சத்தம் வரல்ல. முப்பத்தெட்டு வருசமா அவரு மேல மனசுல இருந்த சந்தேகம் இன்னைக்குத்தான் தெளிஞ்சுது. ‘எனக்க ராசா, என்னை விட்டுட்டுப் போனீரே’ன்னு அழுகாளே, அவ யாருட்டி?”