சகலையைச் சமாளிப்பது எப்படி?

பக்கத்து வீட்டுக்காரன் மேல் வரும் பொறாமை ஜலதோஷம் மாதிரி. சில நாள் மூக்கை உறிஞ்ச வைத்துவிட்டுப் போய்விடும். சகலை மேல் வருவது அப்படியில்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து, ஒரே மாமனார் ஆயுள் முழுக்க ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு வந்தது அந்த வகை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு டுட்டோரியலில் இங்கிலீஷ் வாத்தியார். பத்தாவதில் தவறியவர்களுக்கு ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் சொல்லிக்கொடுப்பேன். (அவர்களில் பலர் மறுபடியும் தவறினார்கள். அதை இப்போது எதற்குப் பேச வேண்டும்?) என் மனைவி சாந்தியின் தங்கை கலாவைக் கட்டிய தனசேகரன், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். அந்த பூத்துக்குள் அவர் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, இன்டர்நெட்டும் போட்ட நாளிலிருந்து என் நிம்மதி போயிற்று.

அமெரிக்காவில் ஏதோ ஒரு வெப்சைட். அதில் எல்லாமே 'எப்படி' கட்டுரைகள். சட்டை மடிப்பது எப்படி, நண்பனிடம் மாட்டேன் என்று சொல்வது எப்படி, இப்படி. யார் வேண்டுமானாலும் எழுதலாம். எத்தனை பேர் படிக்கிறார்களோ அதற்கேற்ப டாலரில் செக் வரும். தனசேகரனுக்கு வந்துவிட்டது. பேங்கில் போடுவதற்கு முன் அதை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் போட்டு, சோழபுரத்தில் மாமனார் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"முட்டை அவிக்கிறது எப்படின்னு எழுதுனேன் அண்ணாச்சி. டாலர் அனுப்பிட்டான்."

(அவர் பிறந்ததிலிருந்து அடுப்பங்கரைப் பக்கம் போனதே இல்லை. முட்டை எந்தப் பக்கம் உடையும் என்றுகூட அவருக்குத் தெரியாது.)

மாமனார் போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் ஜெராக்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அமெரிக்காக்காரன் நம்ம சின்ன மாப்பிள்ளைக்குச் சம்பளம் குடுக்கான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பெரிய மாப்பிள்ளை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"என்ன தனசேகர், ரொம்ப மெலிஞ்சிட்டீங்களே?" என்றேன் கவலையாக. "சுகர் டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?"

டாலர் பேச்சு அதோடு நின்றது. அந்த வித்தையில் நான் கெட்டிக்காரன்.

மறுநாளே ராஜபாளையத்தில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போய் அவருடைய கட்டுரையைத் தேடிப் படித்தேன். 'எக் ஈஸ் பாய்லிங் மீன்ஸ் யூ டோன்ட் கோ எனிவேர்' என்று ஆரம்பித்திருந்தார். இலக்கணத்தோடு எழுதுகிறவனுக்கு டுட்டோரியல் சம்பளம், இதற்கு டாலரா?

நானும் எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் ஓர் உண்மை புரிந்தது. எனக்கு எதுவுமே செய்யத் தெரியாது. பல்பு மாற்றுவதற்கே சாந்திதான் ஸ்டூலில் ஏறுவாள், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன். வாடகை நேரம் ஓடிக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்ததில், நான் விடாமல் பயிற்சி செய்துவந்த காரியம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

எழுதினேன். 'பெருமையடிக்கும் சகலையைச் சமாளிப்பது எப்படி?' இங்கிலீஷில் சகலைக்கு ஒரு சரியான சொல்லே அகப்படவில்லை. (வெள்ளைக்காரன் கொடுத்து வைத்தவன்.) 'என் மனைவியின் தங்கை புருஷன்' என்று நீட்டி எழுதினேன். பெயர் மட்டும் பீட்டர் என்று போட்டேன். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

தீபாவளிக்கு எல்லோரும் சோழபுரத்தில் கூடினோம். தனசேகரன் புது ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "பழைய வண்டி நல்லாத்தானே ஓடுச்சு?" என்று வருத்தப்பட்டேன். சாப்பாடு முடிந்து, வடையோடு உட்கார்ந்திருந்தபோது அவர் பையிலிருந்து ஒரு பிரின்ட் எடுத்தார்.

"மாமா, இதைக் கேளுங்க. பீட்டருன்னு ஒரு வெள்ளைக்காரன் எழுதியிருக்கான். சைட்டுல முதப் பக்கத்துலயே கெடக்கு. அவனுக்கும் ஒரு சகலை வாய்ச்சிருக்கான் பாருங்க, பெருமை பீத்துற பய. படிச்சிட்டு எனக்குச் சிரிப்புத் தாங்கல."

என் வாயில் போன வடை அங்கேயே நின்றது. அவர் தமிழில் சொல்லிக்கொண்டே போனார்.

"அவன் வருமானத்தைப் பத்திப் பேசுனா, நீ அவன் உடம்பைப் பத்தி விசாரி. மெலிஞ்சிட்டியேன்னு சொல்லு. சுகர் இருக்கான்னு கேளு."

மாமனார் தட்டைக் கீழே வைத்தார். "இன்னொருக்கா வாசிங்க மாப்பிள்ளை."

வாசித்தார். மாமனார் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"பொறவு கேளுங்க மாமா, புது சாமான் வாங்கிட்டு வந்தா, பழசு நல்லாத்தானே இருந்துச்சுன்னு வருத்தப்படு."

பயத்தில் வடை தொண்டையில் மாட்டிக்கொண்டது. இருமினேன். நிற்கவில்லை. கண்ணில் நீர் வரும்வரை இருமினேன். அந்த நேரம் பார்த்துத் தனசேகரன் அடுத்ததை வாசித்தார்: "எல்லாரும் அவன் பேச்சையே கேட்டுக்கிட்டு இருந்தா, பலமா இருமித் தண்ணி கேளு."

சாந்தி சொம்போடு ஓடிவந்து பாதியில் நின்றாள்.

மாமனார் நிதானமாகச் சொன்னார்: "சாந்தி, பீட்டருக்குத் தண்ணி குடு."

எத்தனை கேஸ் பார்த்தவர்! நான் குடித்தேன். குடிக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சாந்தியின் முகம் செத்துவிட்டது. அக்கா தங்கை உறவு என் கமா, முற்றுப்புள்ளியால் இன்றோடு முறியப்போகிறது என்று நினைத்தேன்.

தனசேகரன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி... நீங்களா பீட்டரு?"

தலையை ஆட்டினேன்.

"அப்போ இதுல வாற சகலை நானா?"

இதற்கு எந்தப் பக்கமும் ஆட்ட முடியவில்லை.

அவர் தாளை மறுபடி கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மெல்ல, "முதப் பக்கத்துல கெடக்கே... அமெரிக்காவுல அம்புட்டு பேரும் படிக்கானே..." என்றார். முகம் மலர ஆரம்பித்தது. "அம்புட்டு பேரும் என்னைப் பத்தியா படிச்சிட்டு இருக்கான்? ஏட்டி கலா! இங்கன வா, சீக்கிரம் வா!"

திரும்பும் பஸ்ஸில் சாந்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அப்புறம், "நான் மெலிஞ்சிட்டேனான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியளா?" என்றாள்.

எனக்கு வரவேண்டிய செக் வரவில்லை. அதற்குள் அந்த வெப்சைட்டையே மூடிவிட்டார்கள். ஆனால் இன்றுவரை எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் தனசேகரன் என் தோளில் கைபோட்டு, தெரியாதவர்களைக் கூப்பிட்டு அறிமுகம் செய்கிறார்: "இவிய எங்க சகலை. என்னைப் பத்தி இங்கிலீஷ்ல எழுதுனவிய. அமெரிக்கா பூராம் படிச்சிருக்கு."

அவர்கள் மிகுந்த மரியாதையோடு கை கொடுப்பார்கள். அவருக்கு.