நாடாப்புழுவுக்கு ஒரு லோடு வெளிச்சம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. அதைக் காகிதத்தில் சுருட்டி விற்கலாம் என்பதை எங்கள் மாவட்டம் கண்டுபிடித்தது. அடுத்து என்ன செய்யப்போகிறார்களோ என்று உலகமே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தபோது, நாங்கள் நாடாப்புழுவுக்கு விளக்கேற்றினோம்.

நாங்கள் என்றால், விருதுநகரிலிருந்து சூலக்கரைக்குப் போகிற வழியில் கண்ணாடிச் சுவரோடு நிற்கும் ஒட்டுண்ணி மேம்பாட்டு உயர் ஆய்வு மையம். முதலில் 'ஒட்டுண்ணி ஒழிப்பு' என்றுதான் பெயர் வைத்தார்களாம். ஒழித்துவிட்டால் அப்புறம் மையம் எதற்கு என்று ஒரு தொலைநோக்காளர் கேட்டதால் 'மேம்பாடு' ஆயிற்று. நான் இங்கே மக்கள் தொடர்பு அலுவலர். மக்களோடு எந்தத் தொடர்பும் ஏற்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது என் பணி.

எங்கள் இயக்குநர் டாக்டர் லட்சுமிகாந்தம் இந்த அறிவியலை எனக்குப் புரிகிற பாஷையில் விளக்கினார்.

"வைரஸ்ங்கிறது ஒரு லாரி. அதுல இருக்கிற கெட்ட சரக்கை இறக்கிட்டு, பச்சையா மின்னுற ஜீனை லோடு ஏத்துறோம். லாரி நேரா புழுவோட செல்லுக்குள்ள போய் லோடை இறக்கிரும். நீல விளக்கை அடிச்சா புழு பச்சையா மின்னும்."

"மின்னினா சார்?"

"லோடு போய்ச் சேர்ந்துருச்சுன்னு அர்த்தம்."

"சேர்ந்துட்டா?"

"அடுத்த லோடு அனுப்பலாம்!"

என்றைக்காவது ஒருநாள் புழுவைக் கொல்லும் வழியையே லோடாக ஏற்றி அனுப்புவார்களாம். அதுவரை புழு சாகக் கூடாது. ஆகவே புழுவுக்கு ஏசி உண்டு. ஏசிக்கு ஜெனரேட்டர் உண்டு. ஜெனரேட்டருக்கு இன்னொரு ஜெனரேட்டர் உண்டு. இளம்புழு ஒன்று துவண்டு கிடந்தால் இயக்குநருக்கு அன்று சோறு இறங்காது.

லோடு இறக்க இளம்புழு வேண்டும். இளம்புழுவுக்கு முட்டை வேண்டும். முட்டைக்குத் தாய்ப்புழு வேண்டும். தாய்ப்புழு குடியிருக்க ஒரு வயிறு வேண்டும்.

அந்த வயிறு சுகிர்தாவினுடையது.

சுகிர்தா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிறவர். எங்கள் இலவச முகாமுக்குத் தலைச்சுற்றல் என்று வந்தார். வயிற்றில் நாடாப்புழு என்று தெரிந்ததும் மையமே கைதட்டியது. ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் உயிர் என்ற பொருளில், அறிவியல் அவருக்கு உடனே 'ஓம்புயிர்' என்ற பட்டத்தை வழங்கியது. விருந்தோம்பலில் இருக்கிற அதே ஓம்பல்தான். வந்த விருந்தாளி எப்போது கிளம்புவார் என்று கேட்பது நம் பண்பாடு இல்லையே?

சுகிர்தா கேட்டார். வாராவாரம் என்னிடம் கேட்டார்.

"சார், முட்டைதான் எடுத்துக்கிட்டீகள்ல, மருந்து எப்பத் தருவீக?"

"புழு மின்னுறதைக் காட்டுற விழா முடியட்டும்மா. அன்னிக்கே தந்துருவாங்க."

"மருந்து ரூம்ல கிறுகிறுன்னு வருது சார். 'இன்னொரு தரம் தடுமாறுனா சீசனுக்கு வராத தாயி'ன்னு போர்மேன் சோணைமுத்தண்ணன் சொல்லிட்டாரு. அவரு சொல்றதும் நியாயந்தான? என் கை நடுங்கினா நான் மட்டுமா போவேன்? பக்கத்துல மூணு பேரு உக்காந்திருக்காக."

"அதுக்காக வெளிய எங்கயும் மாத்திரை வாங்கிப் போட்டுராதீங்க. இது 'சிறப்புப் புழு'ன்னு டாக்டர் சொன்னாருல்ல? சாதா மாத்திரைக்கு இது கட்டுப்படாது."

டாக்டர் அப்படிச் சொன்னது உண்மை. மையத்தில் சேர்ந்த அன்றே நாங்கள் எல்லோரும் முன்னெச்சரிக்கையாக மென்று விழுங்கியது அந்தச் சாதா மாத்திரையைத்தான் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளை ஒரே நேரத்தில் சொன்னால் மக்கள் குழம்புவார்கள். ஆகவே ஒன்றை மட்டும் சொன்னேன்.

விழாவுக்கு நோட்டீஸ் அடிக்கச் சிவகாசிக்குப் போனேன். அச்சக உரிமையாளர் அப்துல் ஹலீம் பாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"படம் வெக்டர்ல இருக்கா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. அச்சகம் வரைக்கும் எங்கள் புகழ் பரவியிருக்கிறது! "இருக்கு பாய்! சாதா வெக்டர் இல்ல, வைரஸ் வெக்டர்!"

"வைரஸா?" அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "பென்டிரைவை அங்கனயே வையுங்க. சீசன் நேரம். அம்புட்டு காலண்டரும் இந்த ஒத்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு."

அவருடைய வெக்டர் படத்தின் வகை, எங்கள் வெக்டர் ஜீன் சுமக்கும் வண்டி என்பதை விளக்கி முடிக்க இரண்டு டீ ஆயிற்று. கடைசியில் என் நோட்டீஸை உரக்கப் படித்தார்.

"'நாடாப்புழுவுக்கு வாய் கிடையாது. இருந்த இடத்திலேயே உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். எதிர்க் கேள்வி கேட்காது.' ஏன் சார், புழுவைப் பத்தி எழுதியிருக்கீகளா, ஆபீஸைப் பத்தியா?"

நான் அச்சகத்தின் தொழில்நுட்பத்தைப் பாராட்டிவிட்டுக் கிளம்பினேன்.

விழா நாள். நிதிக்குழுத் தலைவர் ராஜபாண்டியன் பரிவாரத்தோடு வந்து அமர்ந்தார். அரங்கு இருட்டாக்கப்பட்டது. மேடையில் கண்ணாடித் தட்டு. அதில் பச்சை லோடு இறக்கப்பட்ட இளம்புழுக்கள். இயக்குநர் நீல விளக்கைக் கையில் ஏந்தி, கற்பூர ஆரத்தி காட்டுகிறவர் போல நின்றார்.

அதே நேரத்தில் வாசலில் சுகிர்தா. ஆலையிலிருந்து நேராக வந்தவர். கையெல்லாம் அலுமினியத் தூளின் வெள்ளி மினுமினுப்பு. எங்கள் காவலர் பெத்தணன் அவரை மறித்தார். பட்டாசு ஆலையில் காவல் பார்த்தே ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர் அவர். எங்கள் பக்கம் 'மருந்து' என்றால் முதலில் வெடிக்கிற மருந்து. குடிக்கிற மருந்தெல்லாம் அப்புறம்தான்.

"ஏம்மா, என்ன சோலியா வந்த?"

"மருந்து விசயமாண்ணே. லட்சுமிகாந்தம் சாருக்குத் தெரியும். உள்ளதான் இருக்கும். இன்னிக்கே எடுத்துரணும்ணே, விட்டா ஆபத்தாயிரும்."

பெத்தணன் அந்தக் கையைப் பார்த்தார். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அனுபவசாலி. இருட்டு அரங்கின் கதவைத் தள்ளிக்கொண்டு அலறினார்.

"உள்ள மருந்து இருக்காம்! அம்புட்டுப் பேரும் ஓடுங்க!"

வேறு ஊராக இருந்தால் 'என்ன மருந்து?' என்று யாராவது கேட்டிருப்பார்கள். இது விருதுநகர். நிதிக்குழு மேடை வழியாகவே ஓடியது. தட்டு கவிழ்ந்தது. தலைவர் எதையோ மிதித்தார்.

"ஐயா, காலைத் தூக்குங்க! புழு! புழு!" இயக்குநர் நீல விளக்கோடு பின்னாலேயே துரத்தினார். இருண்ட நடைபாதையில் தலைவரின் காலணி ஒவ்வோர் எட்டுக்கும் பச்சையாக மின்னி மின்னி மறைந்தது. அறிவியல் இவ்வளவு வேகமாக முன்னேறி நான் பார்த்ததில்லை.

போலீஸ் வந்தது. மோப்ப நாய் வந்தது. மூலை முடுக்கெல்லாம் துழாவிவிட்டு வந்து காவல் ஆய்வாளர் சல்யூட் அடித்தார்.

"நல்லாத் தேடிட்டோம் சார். இந்தக் கட்டடத்துல மருந்து மருந்துக்குக்கூட இல்ல."

வேப்பமரத்தடியில் நின்ற எல்லோரும் கைதட்டினார்கள்.

"அதைத்தான சார் நானும் மாசக்கணக்கா சொல்லிட்டிருக்கேன்" என்றார் சுகிர்தா. அதற்கு யாரும் கைதட்டவில்லை.

இறந்த புழுக்களுக்காக மௌன அஞ்சலி செலுத்தினோம். பிறகு இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுகிர்தாவிடம் வந்தார். "எல்லாத்தையும் முதல்லருந்து ஆரம்பிக்கணும்மா. முட்டை வேணும். நாட்டுக்காக இன்னொரு சீசன் ஓம்புங்க."

சுகிர்தா பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். நடையில் ஒரு தள்ளாட்டம். அந்த மருந்து அறையும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரும் என் கண்ணுக்குள் வந்துவிட்டார்கள். பணி விதிகளை மீறி, மக்களோடு தொடர்பு கொள்ள ஓடினேன்.

"சுகிர்தா! சிறப்புப் புழுன்னு எதுவும் கிடையாதும்மா. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. மாத்திரை சும்மாவே குடுப்பாங்க. மென்னு முழுங்கினாப் போதும்."

அவர் என்னையே பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் சார்?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே. நானும் ஒண்ணு போட்டேன்."

பேருந்து வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நாடாப்புழுவுக்கு வாய் கிடையாதுன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தீகளே சார், உங்களுக்குமா கிடையாது?"