சிங்கத்துக்கும் மொய் எழுதியவர்

தனக்கு வந்த வருமானத்தைக் கண்டு இப்படி நடுங்கிய மனிதர் இந்தப் பூமியில் வேறு எவரும் கிடையாது. லாட்டரியே விழுந்தாலும், "யாரு ஊட்டுக் காசோ பாவம்!" என்று தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சிங்காநல்லூரில் நான் குடியிருந்த மாடிக்குக் கீழே அவருடைய ரிப்பேர் கடை. தெருவுக்கே அவர் 'கிரைண்டர் அண்ணன்'. யாரோ செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, லைவ் போடக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு கிரைண்டரைப் பிரித்துப் போட்டு, பேசிக்கொண்டே ரிப்பேர் செய்வார். பார்க்கிறவர்கள் ரோஜா, கிரீடம், சிங்கம் என்று படம் படமாகப் பரிசு அனுப்புவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விலை. கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மாதாமாதம் பேங்கில் போட்டுவிடும்.

வேறு ஆளாக இருந்தால் புது பைக் வாங்கியிருப்பார். அண்ணன் ஒரு மொய் நோட்டு வாங்கி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். 'வெள்ளகோவில் சுப்பிரமணி, ரோஜா பத்து' என்று ஆரம்பித்தது கணக்கு. கம்பெனி பிடித்துக்கொண்ட பங்குக்கு அவர் வைத்த பெயர் மண்டபச் செலவு. மொய் வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா? அதனால் லைவிலேயே விசாரணை நடக்கும்.

"ஏனுங்க, சிங்கம் போட்டது யாருங்க? டார்க் கிங் 007-ங்களா? அப்பா பேரு என்ன கண்ணு? எந்த ஊருங்க? ஊட்டுல விசேசம் எப்பங்க?"

டார்க் கிங் அலறியடித்து ஓடிவிட்டார். 'ஊர் தெரியவில்லை, விசாரிக்கவும்' என்று நோட்டில் ஏறியது.

சுப்பிரமணி மகளுக்குக் காதுகுத்து என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி வெள்ளகோவில் போய் நின்றார். லைவில் தெரிவதெல்லாம் கையும் கிரைண்டரும்தான் என்பதால், சுப்பிரமணிக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. "வணக்கமுங்க, எல்லாருக்கும் சத்தம் நல்லாக் கேக்குதுங்களா?" என்று அண்ணன் லைவில் கேட்பதுபோலக் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டு மண்டபமே கூடிவிட்டது. மொய் எழுதி, விருந்து சாப்பிட்டு, மண்டபத்து கிரைண்டரையும் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தார்.

"ஏண்ணா, ரோஜாவுக்கு உங்க கைக்கு வந்தது அம்பது ரூபாகூட இல்லீங்க. நீங்க நூத்தியொண்ணு எழுதிப்போட்டு வந்திருக்கீங்க!" என்றேன்.

"வாங்குனதையே திருப்பிக் குடுத்தா அதுல என்னங்க மருவாதி? ஒரு படி மேல செய்யோணுமுங்க."

விசேஷம் வராத வீட்டுக்காரர்களின் பணம் பேங்கில் அப்படியே கிடந்தது. டீக்குக்கூட அதில் கை வைக்கமாட்டார்.

இந்த நேரத்தில்தான் கட்டடத்துச் சொந்தக்காரர் கடையை விற்கப் போவதாகச் சொன்னார். இரண்டு மாதத்துக்குள் பணம் கட்டினால் அண்ணனே வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் பேக்கரிக்காரர் ஒருவர் முன்பணத்தோடு தயாராக இருக்கிறார். நான் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். கடன் கேட்க அண்ணனைப் பேங்குக்கு அழைத்துப் போனேன். மேனேஜர் பாஸ்புக்கைப் புரட்டி, "மாசாமாசம் வருதே, நல்ல வருமானம்தான்" என்றார்.

"வருமானம் இல்லீங்க சார். அத்தனையும் நானு திருப்பிச் செய்யோணுமுங்க."

கடன் கேட்க வந்த இடத்தில், கையில் இருப்பதையும் கடன் என்று சொன்ன ஆளை அவர் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துவிட்டு வரச் சொன்னார்.

மூன்று நாள் உட்கார்ந்து நோட்டைப் பாஸ்புக்கோடு ஒப்பிட்டேன். ஒரு பைசா பிசகவில்லை. எங்கள் ஆபீசில்கூட அவ்வளவு சுத்தமாக யாரும் கணக்கு வைத்ததில்லை. எல்லாம் தயார். அண்ணன் கையெழுத்துதான் பாக்கி.

"பொய்க் கையெழுத்துப் போடமாட்டேனுங்க. அது என்ற சொந்தக் காசு இல்லீங்க."

நாட்கள் ஓடின. பேக்கரிக்காரர் டேப்போடு வந்து சுவரை அளந்துவிட்டுப் போனார். அன்று அண்ணன் லைவ் போடவில்லை. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. நோட்டைப் பிடுங்கிப் புரட்டினேன். 'மதுக்கரை அம்மணி, ரோஜா ஐந்து, பெல்ட் தானே மாற்றிக்கொண்டார்' என்று ஒரு வரி கண்ணில் பட்டது.

"இந்த அம்மணி எதுக்குண்ணா ரோஜா போட்டாங்க?"

"நம்ம லைவப் பாத்து பெல்ட் மாத்துனாங்க. கிரைண்டர் ஓடுச்சுங்க. அந்தச் சந்தோசத்துக்குப் போட்டாங்க."

"அப்ப மொதல்ல செஞ்சது நீங்க. அவங்க திருப்பிச் செஞ்சிருக்காங்க. திருப்பி வந்த மொய்க்கு மறுக்கா மொய் வெக்கறது எந்த ஊருப் பழக்கமுங்க?"

அண்ணன் நோட்டைத் திரும்ப வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, யார் யாருக்கு எந்த கிரைண்டர் ஓடியது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார்.

"நாயந்தானுங்களே!" என்று பேனாவை வாங்கினார்.

கடன் கிடைத்தது. கடை அவருடையதே ஆனது. பேக்கரி நாலு கடை தள்ளி வந்தது. அங்கே மாவு பிசைகிற மிஷினுக்கும் அண்ணன்தான் டாக்டர்.

பத்திரம் பதிந்த அன்று என் கூலியைக் கவரில் போட்டு நீட்டினார். நான் வாங்கவில்லை. உடனே அண்ணன் மொய் நோட்டை எடுத்து என் பெயரை எழுதிக்கொண்டு, "உங்க ஊட்டுல விசேசம் எப்பங்க?" என்றார்.

இப்போது நான் வேறு பக்கம் குடிவந்துவிட்டேன். இன்றும் மாதம் ஒருமுறை போன் செய்து அதையேதான் கேட்கிறார். எனக்கோ ஒரே மகள், அவள் கல்யாணமும் முடிந்துவிட்டது. கிரகப்பிரவேசம் வைக்கலாம் என்றால் இருப்பது வாடகை வீடு. ஆனாலும் அவர் இரண்டு பஸ் மாறி வந்து என் வாசலில் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, சின்னதாக ஏதாவது ஒரு விசேஷம் வைத்துவிடலாமா என்று பார்க்கிறேன்.